கல்லைப் புரட்ட வேண்டாம்

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்கு உரிய ரியூனியன் தீவின் சேன் தாந்த்ரே ஊரில் நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒருநாள் மீன்களின் பெயர்களைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, பத்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து நின்று, "டீச்சர், நம் ஆற்றில் சால்மன் வருமா?" என்று கேட்டான். கேள்வியின் முற்பகுதி பிரெஞ்சு, நடுப்பகுதி தீவின் பேச்சுமொழியான கிரியோல், கடைசியில் வந்த 'வருமா' மட்டும்தான் தமிழ். எங்கள் வகுப்பில் அதுவே பெரிய முன்னேற்றம் என்பதால் முதலில் அவனைப் பாராட்டிவிட்டு, பிறகுதான் பதில் சொல்லத் தொடங்கினேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் இங்குள்ள பேரங்காடிகளில் புகையூட்டிய சால்மன் துண்டுகள் அடுக்கடுக்காக வந்து நிற்கும். தொலைக்காட்சியில் அந்த மீன் அருவியை எதிர்த்துத் துள்ளுவதையும் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சால்மன் குளிர்ந்த நீரின் மீன். வடகோளத்தின் இரண்டு பெருங்கடல்களுக்கு உரியது. எங்கள் ஊர்ச் சந்தையில் காலா மீனை 'இந்திய சால்மன்' என்று சொல்லி விற்பவர்கள் உண்டு, காரைக்காலில் சின்ன வயதில் நானும் அதை நம்பியிருக்கிறேன். இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. எனவே, "இங்கே சால்மன் வராது. ஆனால் சால்மனால் ஏற முடியாத செங்குத்துப் பாறையில் ஏறுகிற மீன் ஒன்று வருகிறது. நீ அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டும் இருக்கிறாய்" என்றேன். வகுப்பே சிரித்தது. சோற்றில் பிசையும் அந்தப் பிஷீக் பிறவியிலேயே பொடி மீன், அயிரை மாதிரி என்றுதான் அத்தனை பேரும் நினைத்திருந்தார்கள். அவர்களை அழைத்துப் போக வந்திருந்த பெற்றோரில் பாதிப் பேரும் அப்படியே நினைத்திருந்தார்கள் என்பது அரைமணி நேரம் கழித்துத் தெரிந்தது.

எங்கள் ஆற்றுக் குழு தொடங்கியது அந்தச் சனிக்கிழமையில்தான். குழு என்று சொல்வதற்கு அப்போது எட்டுப் பேர் இருந்தோம்.

ரியூனியனுக்கு வெளியே இருந்து இதைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிஷீக் என்று இங்கே விற்கப்படுவது இரண்டு வகை உளுவை மீன்களின் குஞ்சு. ஒன்றை மீனவர்கள் 'பூஷ் ரோன்' என்கிறார்கள், உருண்டை வாய் என்று பொருள்; மற்றொன்று 'பெக் ரோன்'. முதல் வகை இந்தியப் பெருங்கடலிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பரவியது. இரண்டாவது ரியூனியனையும் மொரீசியசையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இரண்டும் ஆற்றில் வாழ்ந்து, ஆற்றுக் கற்களின் அடிப்புறத்தில் முட்டையிடும். முட்டைகள் கசகசாவைவிடச் சிறியவை, ஓரிரு நாளில் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சுக்கு வாய்கூடச் சரியாக உருவாகியிருக்காது. நீரோட்டம் அதை அடித்துக்கொண்டு போய்ச் சில நாட்களுக்குள் கடலில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் செத்துவிடும். பிறகு பூஷ் ரோன் குஞ்சு சுமார் 200 நாள் கடலில் மிதந்து வளர்கிறது. பெக் ரோனுக்கு அதில் ஏறத்தாழப் பாதி நாள் போதும். கண்ணாடி போல உடல் தெரிய, ஒரு விரற்கடை நீளத்தில், ஆயிரமாயிரமாக அவை ஆற்று முகத்துவாரத்துக்குத் திரும்பி வரும் நாட்களைத்தான் மீனவர்கள் வருடம் முழுவதும் எதிர்பார்த்திருக்கிறார்கள்.

உப்புநீரிலிருந்து நன்னீருக்குள் வந்த சில நாட்களில் பூஷ் ரோனின் முகமே மாறுகிறது. முகத்தின் முனையில் இருந்த வாய் கீழ்ப்புறத்துக்கு இறங்கி, ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சியாகிவிடும். வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாக இணைந்து ஏற்கெனவே ஒரு வட்ட உறிஞ்சியாக இருக்கின்றன. வாயால் ஒட்டி, வயிற்றை இழுத்து ஒட்டி, மறுபடி வாயை உயர்த்தி ஒட்டி, ஈரமான பாறையில் அது பல்லியைப் போல ஏறுகிறது. எந்தச் சால்மனும் இதைச் செய்ய முடியாது. சால்மன் துள்ளும், துள்ளி எட்டாத உயரத்தில் தோற்றுவிடும்.

ஆனாலும் சால்மனைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது; ஏனென்றால் ஆற்றை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த மீனிடம்தான். சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகள் பிரான்சில் உள்ள கிளேர்மோன் ஃபெரானில் படித்துக்கொண்டிருந்தபோது, நவம்பர் விடுமுறையில் அவளோடு அல்லியே ஆற்றங்கரையில் சில நாள் தங்கினேன். லுவார் ஆற்றின் துணை ஆறான அல்லியேயில் சால்மன் கடலிலிருந்து 700, 800 கிலோமீட்டர் நீந்தி வந்து, மலைக்குள் இருக்கும் கூழாங்கல் படுகைகளில் முட்டையிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் லுவார் ஆற்றுத் தொகுதிக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் சால்மன் வந்ததாக மதிப்பிடுகிறார்கள். இப்போது விஷி நகரத்து அணையருகே எண்ணும்போது பல ஆண்டுகளில் சில நூறுகள்தான் தேறுகின்றன. 1994 முதல் அங்கே சால்மன் பிடிப்பது முற்றிலும் தடை.

அங்கே ஒரு தன்னார்வக் குழுவோடு கரையோரம் நடந்தேன். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு உற்சாகமாக நீரில் இறங்கப் போன என்னை, வழிநடத்திய அம்மையார் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். நீருக்கடியில் ஓரிடத்தில் மட்டும் கூழாங்கற்கள் பளிச்சென்று கழுவிவிட்டதுபோல் வெளிறித் தெரிந்தன. பெண் சால்மன் வாலால் அடித்துப் பள்ளம் பறித்து முட்டையிட்டு, மேலே கல்லை மூடியிருக்கும் இடம் அது. இருபது முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில், கற்களின் இடுக்கு வழியே ஓடும் குளிர்நீரிலிருந்து உயிர்க்காற்றை எடுத்துக்கொண்டு, முட்டைகள் குளிர்காலம் முழுவதும் அங்கேயே கிடக்கும். கல்லிடுக்கில் வண்டல் அடைத்தால் மூச்சுமுட்டிச் சாகும். நான் கால் வைத்திருந்தால் நசுங்கியிருக்கும். அன்று முழுவதும் அந்தக் குழு செய்த வேலை, வெளிறிய இடங்களைக் கரையிலிருந்தே எண்ணிக் குறித்துக்கொண்டதும், வண்டல் எங்கிருந்து வருகிறது என்று மேட்டுப் பக்கம் நடந்து பார்த்ததும்தான். ஒரு கல்லைக்கூட யாரும் தொடவில்லை. எனக்கு அப்போது அது சேவையாகவே தோன்றவில்லை, நடைப்பயிற்சி போலத்தான் இருந்தது. என் அறியாமையை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அதே பயணத்தில் ஷான்தேஜ் கிராமத்தில் உள்ள சால்மன் குஞ்சு பொரிப்பகத்தையும், அணைகளின் கதையையும் அறிந்துகொண்டேன். அல்லியேயின் மேற்பகுதியில் சேன் எத்தியேன் துய் விகான் அணையை 1998-இல் வெடி வைத்தே தகர்த்தார்கள். இன்னும் கீழே, 1941-இல் கட்டிய பூத்தேஸ் அணையை, நீண்ட கால வாக்குவாதத்துக்குப் பிறகு, 17 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து ஏறத்தாழ 7 மீட்டராகக் குறைத்து, மீன் போகும் காலத்தில் மதகுகளைத் திறந்துவிடும்படி மாற்றி 2022-இல் திறந்தார்கள். மின்சாரமும் உண்டு, மீனுக்கு வழியும் உண்டு. இதற்காகப் பேசியவர்கள், கையெழுத்து வாங்கியவர்கள், பள்ளிகளுக்குப் போய்ப் படம் காட்டியவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்களின் சாதாரண மக்கள். அணை இடிந்த அன்று நாளிதழில் படம் வந்திருக்கும். அதற்கு முந்தைய பள்ளிக்கூடப் பேச்சுகளை யாரும் படமெடுத்திருக்க மாட்டார்கள்.

ஊருக்குத் திரும்பியவுடன் நாங்களும் ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற வேகம் எனக்குள் இருந்தது. பையனின் கேள்வி அதற்குத் திரி கொளுத்தியது. கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியாவில், வகுப்பறைக்குள் குளிரூட்டிய தொட்டியில் சால்மன் முட்டைகளை வைத்து, பிள்ளைகள் தினமும் வெப்பநிலை குறித்து, குஞ்சு பொரித்து வசந்தத்தில் ஓடையில் விடுகிறார்கள் என்று படித்திருந்தேன். அதை அப்படியே இங்கே செய்யலாம் என்றுதான் முதலில் திட்டமிட்டேன். ஆற்று மீன்களை ஆராயும் வல்லுநர் ஒருவரிடம் யோசனை கேட்டபோது அவர் பொறுமையாக விளக்கினார். சால்மன் குஞ்சு முட்டையின் மஞ்சள் கருவை வயிற்றில் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் நன்னீரிலேயே இருக்கும், அதனால் தொட்டி சரிப்படும். பூஷ் ரோன் குஞ்சுக்கோ சில நாட்களில் கடல்நீர் வேண்டும். அதன் பிறகு ஆறேழு மாதம் திறந்த கடல் வேண்டும். தொட்டிக்குள் அடங்குகிற பிள்ளை இல்லை இது. மீனை வகுப்பறைக்குக் கொண்டுவர முடியாது என்றானபோது, வகுப்பறையை ஆற்றுக்குக் கொண்டுபோவதைத் தவிர வேறு வழியில்லை.

அப்படித்தான் சேன் தாந்த்ரேக்கும் ப்ரா பனோனுக்கும் எல்லையாக ஓடும் ரிவியேர் துய் மா ஆற்றுக்குப் போனோம். சலாசி மலைக்கிண்ணத்தில் பெய்யும் மழையெல்லாம் இதன் வழியாகத்தான் கடலுக்கு வருகிறது. இந்தத் தீவில் வற்றாத ஆறுகள் 13 மட்டுமே; அவற்றில் இது பெரிய ஆறுகளில் ஒன்று. முதல் இரண்டு மாதம் எல்லாக் குழுக்களும் செய்வதைத்தான் செய்தோம்: குப்பை பொறுக்கினோம். நெகிழிப் புட்டிகள், பொரியல் கடைப் பெட்டிகள், ஒரு சலவை இயந்திரத்தின் கதவு, மூன்று டயர்கள். மூட்டை மூட்டையாகக் கட்டி அடுக்கிப் படமெடுத்து அனுப்பினால் எல்லோரும் கைதட்டும் சின்னங்களைப் போட்டார்கள். குப்பை பொறுக்குவது தவறே இல்லை. ஆனால் அது கண்ணுக்கு நிறைவாக இருப்பதாலேயே, அதோடு வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணத்தையும் கொடுத்துவிடுகிறது.

டிசம்பரில், பள்ளி விடுமுறை தொடங்கிய முதல் சனிக்கிழமையன்று, நாங்கள் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் முகம் சுருங்குகிறது. அன்று இருபதுக்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள். குப்பை சீக்கிரம் தீர்ந்துவிட்டது. வெயில் ஏறியதும், உழைத்த பிள்ளைகள் குளிக்கட்டும் என்று, பெரிய பையன்கள் ஓடையின் ஓரத்தில் கற்களைப் புரட்டி வரிசையாக அடுக்கி ஒரு சிறு தடுப்பு கட்டினார்கள். இந்தத் தீவில் ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிற குடும்பம் எல்லாம் செய்வதுதான் இது. சட்டி அடுப்பில் ஏறும், பிள்ளைகள் கல் அடுக்கிக் குளம் கட்டுவார்கள். நானும் ஒரு கல்லைப் பிடித்துக் கொடுத்தேன். 'பாசென்' என்று இங்கே சொல்லும் அந்தக் குளம் அழகாக நிறைந்தது.

அப்போது முகத்துவாரத்துப் பக்கமிருந்து ஒரு பெரியவர் நடந்து வந்தார். மீனவர், எங்கள் மலபார் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர்; தமிழ் வம்சாவளியினரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். எல்லோரும் அவரை 'தொன்தோன்' என்றுதான் கூப்பிடுவார்கள், மாமா என்று பொருள். நாங்கள் அடுக்கிய வரிசையின் மேல் கிடந்த ஒரு கல்லை எடுத்து, அதன் உலர்ந்துகொண்டிருந்த அடிப்புறத்தை என்னிடம் நீட்டினார். பாசி ஒட்டியதுபோல் ஒரு மினுமினுப்பான படலம், உள்ளங்கை அகலம். கண்ணருகே கொண்டுபோனபோது அது ஆயிரக்கணக்கான புள்ளிகளாகப் பிரிந்தது.

"மதாம், இந்தக் கல்லுக்குக் கீழே ஒரு ஆண் மீன் காவல் இருந்தது" என்றார் கிரியோலில். "நீங்கள் அதன் வீட்டைக் கூரையோடு பெயர்த்து வெயிலில் வைத்துவிட்டீர்கள்."

அல்லியே ஆற்றில் என் கையைப் பிடித்து நிறுத்தியவர் இருந்தார். இங்கே மற்றவர்களை நிறுத்த வேண்டிய இடத்தில் இருந்தவள் நான். கூழாங்கல்லுக்கு மேலே காலை வைக்காதே என்று கற்றுக்கொண்டு வந்தவளுக்கு, கல்லுக்குக் கீழே என்ன இருக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. வடக்கு நாட்டுப் பாடத்தை மனப்பாடம் செய்திருந்தேன், அவ்வளவுதான். கற்களைத் திருப்பி அவை கிடந்த மாதிரியே வைக்க முயன்றோம். எது எங்கே எந்தப் பக்கமாகக் கிடந்தது என்று யாருக்கும் நினைவில்லை.

அடுத்த சனிக்கிழமை தொன்தோனையே பாடம் நடத்த அழைத்தேன். முதலில் மறுத்தார், பிறகு, கையில் 'வூவ்' ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். தென்னை ஈர்க்குகளால் கூம்பாகப் பின்னிய மீன்பொறி அது. நம் ஊர்ப் பறிக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம். ஆற்று முகத்துவாரத்தில் கற்களை ஒதுக்கிக் கால்வாய் வெட்டி, நீர் பாயும் வாயில் இதை வைத்தால், கடலிலிருந்து ஏறி வரும் பிஷீக் உள்ளே போய்ச் சேரும். சில நாட்களில் கிலோ 50 யூரோவுக்கு மேலும் விலை போகிற சரக்கு என்பதால், கால்வாய்களுக்கான சண்டை வாய்ச்சண்டையோடு நிற்பதில்லை.

அன்று ஒரு சிறுமி அவரைப் பார்த்து, நான் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டுவிட்டாள்: "தொன்தோன், நீங்களும் கல்லைத்தானே நகர்த்துகிறீர்கள்?" அவர் வூவின் விளிம்பைத் தடவிக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார். தம் தகப்பனார் காலத்தில் கடப்பாரையால் நெம்பிக் கையால் நகர்த்தியதாகவும், ஆற்றின் ஒரு பங்கை மீனுக்கு விட்டுவிடுவது வழக்கமாக இருந்ததாகவும், இப்போது கரைக்குக் கரை கால்வாய் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னார். பிறகு தம் பங்குக்கு அவரும் பட்டியலிட்டார்: மேலே சலாசியில் ஆற்று நீரை மலைக்குள் சுரங்கம் குடைந்து மேற்குக் கரைக்குக் கொண்டு போகிறார்கள், கரும்பு வயலிலிருந்து மருந்து இறங்குகிறது, சாலை ஆற்றைக் கடக்கப் போட்ட சிமெண்டுத் தளங்கள் ஆற்றைப் படியாக வெட்டிவிட்டன; இவற்றையெல்லாம் விட்டுவிட்டு எல்லோரும் மீனவன் தலையில்தான் கை வைக்கிறார்கள் என்றார். அவர் சொன்னதில் பாதி தற்காப்பு. ஆனால் அதற்காக அது பொய்யாகிவிடாது. 1980-களின் இறுதியில் தொடங்கிய அந்த நீர்மாற்றத் திட்டத்தால்தான் வறண்ட மேற்குப் பகுதியில் இன்று வயல்கள் நனைகின்றன, குழாயில் நீர் வருகிறது. கிழக்கின் ஆறுகளில் அதற்கான கணக்கு வேறு மாதிரி எழுதப்படுகிறது. மீன், மீனவர், விவசாயி, குழாயைத் திறப்பவர் என்று நான்கு தரப்பையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்காத சுற்றுச்சூழல் கல்வியில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிள்ளைகளிடம் ஒரு குற்றவாளியைக் காட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்புவது எளிது. அந்தச் சிறுமி கேட்டது போன்ற கேள்வி அப்படிப்பட்ட வகுப்பில் பிறக்காது.

சால்மனுக்கும் பிஷீக்குக்கும் இன்னொரு வேறுபாட்டை அன்றுதான் வகுப்பில் பேசினோம். சால்மன் தான் பிறந்த ஆற்றின் மணத்தை நினைவில் வைத்துக்கொண்டு அதே ஆற்றுக்குத் திரும்புகிறது. அதனால் ஓர் ஆற்றைச் சீராக்கினால் அந்த ஆற்றின் சந்ததி பெருகும் என்று கரையில் உள்ளவர்கள் நம்பி உழைக்கலாம். பிஷீக் அப்படியில்லை. கடலில் மாதக்கணக்காக அலைந்து எந்த ஆற்று நீர் எதிர்ப்படுகிறதோ அதில் ஏறும். எங்கள் ஆற்றில் ஏறுவது மொரீசியசில் பிறந்ததாக இருக்கலாம். எங்கள் கல்லுக்கடியில் பொரிந்தது வேறெங்கோ போய் ஏறலாம். "அப்படியானால் நாம் வேறு யாருக்கோ வேலை செய்கிறோமா?" என்று ஒரு தாய் கேட்டார். கப்பலேறி வந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் நிறைந்த அந்த வகுப்பில் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, சிரிப்பு மட்டும் எழுந்தது.

அதன் பிறகு எங்கள் வேலையின் போக்கு மாறியது. கரையில் நின்று பார்ப்பது, குறித்துக்கொள்வது, கல்லைப் புரட்ட வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமைக் குடும்பங்களிடம் பேசுவது என்று ஆனது. பேசுவது என்றால் உபதேசம் இல்லை. உபதேசம் செய்தால் அடுப்பில் சட்டியை வைத்துக்கொண்டு யார் கேட்பார்கள்? அனுமதி பெற்ற அந்த வல்லுநர் வரும் நாட்களில், கண்ணாடிப் பெட்டியில் ஆற்றுநீர் ஊற்றி, ஒரு பூஷ் ரோனை அதில் விட்டுக் காட்டுவார். மீன் பக்கச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் வயிற்றின் வட்ட உறிஞ்சி கண்ணாடியில் முத்திரை குத்தியதுபோல் பதிந்திருப்பதும், மேலுதடு கண்ணாடியைச் சுரண்டிச் சுரண்டி நகர்வதும் தெரியும். ஐந்து நிமிடம் பார்த்தவர்களிடம் கல்லைப் பற்றி இரண்டே வாக்கியம் சொன்னால் போதும். பிறகு மீன் திரும்ப ஆற்றுக்கே போகும். கனடாவில் மழைநீர் வடிகால்களின் ஓரத்தில் மஞ்சள் மீன் வரைந்து, இங்கே கொட்டுவது ஆற்றுக்குப் போகும் என்று நினைவூட்டுவார்களாம். நாங்களும் எங்கள் தெரு வடிகாலில் பிஷீக் வரைய அனுமதி கேட்டு விண்ணப்பித்தோம். உரிய அலுவலகத்தில் பதினான்கு மாதமாகக் கோப்பு மேசை மாறிக்கொண்டிருக்கிறது. மீன் இதற்குள் இரண்டு தடவை கடலுக்குப் போய் வந்திருக்கும்.

மரம் நடுவதிலும் சால்மன் நாட்டுக் கையேட்டை அப்படியே பின்பற்ற முடியவில்லை. அங்கே கரை மரங்களின் முதல் பயன் நிழல், நீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். பூஷ் ரோனோ வெயில் படும் கல்லில் வளரும் பாசியைச் சுரண்டித் தின்பது. ஆற்றை முழுவதும் நிழலால் மூடினால் அதன் தட்டில் நாமே மண்ணைப் போட்டதாகும். எங்களுக்கு வேண்டியது கரையைப் பிடித்து வைக்கும் வேர், மழைக்குச் சேறு இறங்கிக் கல்லை மூடாதிருக்க. அதனால் தாழையின் இனமான வக்குவா, புன்னைக்கு உறவான தக்காமாக்கா என்று இந்தத் தீவின் மண்ணுக்குப் பழகிய கன்றுகளை ஆங்காங்கே இடைவெளி விட்டு நட்டோம்.

களையெடுப்பில் எனக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. ஆற்றுச் சரிவுகளில் மரங்களின் மேல் படர்ந்து மூடி அவற்றைக் கொன்றுவிடும் ஒரு கொடியை வெட்டச் சொன்னார்கள். உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் அது இருக்கிறதாம். வெள்ளை இதழ்களின் நடுவே ஒன்றில் மட்டும் மஞ்சள் தீற்றியிருந்த பூவைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. குருக்கத்தி. நம் பழம்பாடல்களில் மணக்கிற பூ. மாதவி என்றும் அதற்குப் பெயருண்டு. நம் காட்டில் அடங்கி நிற்பது இங்கே வந்து அடங்காமல் போயிருக்கிறது. வகுப்பில் அதன் தமிழ்ப் பெயரையும் சொல்லிக் கொடுத்தேன், வெட்டும் முறையையும் சொல்லிக் கொடுத்தேன்.

தன்னார்வ வேலையில் யாரும் புகைப்படம் எடுக்காத பகுதி ஒன்று உண்டு. எலிச் சிறுநீர் வழியாகப் பரவும் காய்ச்சல் இங்கே மழைக்காலத்தில் வரும். கை கால்களில் புண் உள்ளவர்கள் நீரில் இறங்கக் கூடாது, பூட்ஸும் கையுறையும் கட்டாயம். மலையில் மழை என்றால் இங்கே வெயில் அடித்தாலும் ஆற்றை விட்டு வெளியேற வேண்டும். பிள்ளைகளுக்குக் காப்பீட்டுத் தாள், பெற்றோர் கையெழுத்து. இருபது பேர் பதினொன்றாகி, பதினொன்று ஏழாகி, ரமலானும் தேர்வும் திருமணமும் இல்லாத ஒரு சனிக்கிழமையில் மறுபடி பதினைந்தாகும். 2025 பிப்ரவரி 28 அன்று வீசிய கரான்ஸ் புயல் நாங்கள் நட்ட கன்றுகளில் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆறே தன் படுகையை மாற்றிக்கொண்டு வேறு பக்கம் ஓடியது. நாங்கள் வரைந்து வைத்திருந்த வரைபடம் ஒரே நாளில் பழங்கதையானது.

கோயில்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தீமிதிக்கு முன் கரகம் சோடிப்பது இங்கே ஆற்றங்கரையில்தான். பூசை முடிந்தால் மாலையும் வாழையிலையும் நீரோடு போகும், அதில் குறையில்லை. ஆனால் மாலை கட்டிய நைலான் நூலும் சூடம் வந்த நெகிழி உறையும் கூடவே போகும். இதைச் சொல்லப் போனால் மனம் புண்படுவார்களோ என்று நான் மூன்று மாதம் தயங்கினேன். கடைசியில் ஒரு வயதான பூசாரியிடம் மெதுவாகச் சொன்னபோது அவர், "ஆத்தா இருக்கிற இடத்தில் நூலைப் போட்டது யார்?" என்று தம் ஆட்கள் மேலேயே பாய்ந்தார். இப்போது அவர்கள் வாழைநாரில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். மூன்று மாதம் நான் பயந்தது வீண்.

இந்த ஜனவரியில், பல நாள் மழை ஓய்ந்த ஒரு மாலையில், ஓடையைக் குறுக்கே கடக்கும் சிமெண்டுத் தளத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனேன். தளத்தின் கீழ்ப்பக்க விளிம்பிலிருந்து நீர் ஏறத்தாழ ஒரு மீட்டர் விழுகிறது. நீந்துகிற மீனுக்கு அது சுவர். ஆனால் ஓரத்தில், நீர் தாளைப் போல மெலிதாக வழியும் ஒரு கையகல ஈரத்தில், தீக்குச்சி நீளக் குஞ்சுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று நகரும், நின்று இளைப்பாறும், மறுபடி நகரும். விளிம்புக்கு நான்கு விரற்கடை இருக்கும்போது ஒன்று பிடி நழுவி விழுந்து, மறுபடி அடியிலிருந்து தொடங்கியது. சால்மன் வருமா என்று கேட்ட அதே பையன் தளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு எண்ணத் தொடங்கி, எழுபத்து மூன்றில் கணக்கைத் தவறவிட்டான். எழுந்து உட்கார்ந்து, "இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்று கேட்டான். சொன்னேன். குறிப்பேட்டை முழங்காலில் வைத்து, தேதியும் எண்ணும் போட்டு, பக்கத்தில் பெயரையும் எழுதி என்னிடம் காட்டினான்.

'உழுவை' என்று எழுதியிருந்தான். ளகரம் வர வேண்டிய இடத்தில் ழகரம். உழுவை என்றால் பழந்தமிழில் புலி. சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். அந்தச் சுவரை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் திருத்தினேன்.